சாம்பிள் எடுக்கப் போகிறவருக்கு

மருந்து ஆலையில் க்யூசி (தரக் கட்டுப்பாடு) வேலைக்குச் சேருகிற எல்லோருக்கும் லேபில் எச்பிஎல்சி என்கிற சோதனைக் கருவி முன்னால் உட்காரத்தான் ஆசை. "முதல் ஆறு மாசம் ஸ்டோர்ஸில் சாம்ப்ளிங் பாருங்க" என்று சொன்னால், அதாவது கிடங்குக்கு வந்த சரக்கில் இருந்து சோதனைக்கு மாதிரி எடுக்கச் சொன்னால், முகம் சுருங்கிவிடும். எனக்கும் சுருங்கியது. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, திருப்போரூரில் கம்பெனி பஸ் ஏறி ஆலத்தூர் தொழிற்பேட்டைக்கு வந்து, கரண்டியால் மாவு அள்ளவா என்று வீட்டில் புலம்பியிருக்கிறேன். பதினேழு வருஷம் கழித்து இப்போது புதியவர்களுக்கு நான்தான் இந்த வேலையைச் சொல்லித் தருகிறேன். அவர்களிடம் முதல் நாள் ஒரு கணக்குப் போடச் சொல்வேன்.

40 டிரம் வந்திருக்கிறது. ஒவ்வொன்றும் 25 கிலோ, ஆக மொத்தம் 1000 கிலோ. லேபுக்குப் போவது 200 கிராம். அந்த 200 கிராம்தான் மிச்சமுள்ள 999 கிலோ சொச்சத்துக்கும் சாட்சி சொல்லப்போகிறது. லேபில் இருக்கிற தராசு மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கு வரை காட்டும். ஆனால் அந்தப் பொடி எந்த டிரம்மில் இருந்து, எந்தக் கையால், எந்த நிலையில் வந்தது என்று தராசுக்குத் தெரியாது. டிரம்மைத் திறந்து உள்ளே பார்க்கிற ஆள் நீங்கள் மட்டும்தான். மற்றவர்கள் பார்ப்பதெல்லாம் பாட்டிலைத்தான்.

திறப்பதற்கு முன்னால் நடக்க வேண்டும்

ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்த சீட்டு) கைக்கு வந்ததும் சாம்பிள் எடுக்கிற பூத்துக்கு ஓடாதீர்கள். சோதனை முடியும் வரை சரக்கை ஒதுக்கி வைக்கிற குவாரண்டைன் பகுதிக்குப் போய் பேலட்டைச் சுற்றி ஒரு நடை நடங்கள். தயாரிப்பாளர் பெயர், பேட்ச் (ஒரே தடவையில் செய்த சரக்கு) எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சீல் எண் எல்லாவற்றையும் டிரம் டிரம்மாகப் படியுங்கள். முன் வரிசையில் ஒன்றைப் படித்துவிட்டு "எல்லாம் அதேதான்" என்று எழுதுகிற பழக்கம் எல்லா ஆலையிலும் உண்டு. தயாரிப்பாளர் நம் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். நடுவில் விற்றவர் பெயரைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. டிரம் நசுங்கியிருந்தாலோ, ஈரக்கறை இருந்தாலோ, சீல் உடைந்திருந்தாலோ அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறை மெக்னீசியம் ஸ்டியரேட் 30 மூட்டை வந்திருந்தது. ஸ்டோர்ஸ் பெரியவர் அவசரப்படுத்தினார். "ஏம்மா, புரொடக்‌ஷன்ல காத்துக்கிட்டு இருக்காங்க, முன்னால இருக்கிற ஆறு மூட்டையைப் பிரிச்சு எடுத்துக்கிட்டுப் போ, எல்லாம் ஒரே சரக்குதான்." "ஒரு சுத்து பாத்துட்டு வந்துடறேண்ணே" என்று சொல்லிவிட்டு பேலட்டின் பின்பக்கம் போனேன். சுவரை ஒட்டி இருந்த நாலு மூட்டையில் வேறு பேட்ச் எண். அனுப்பியவர் கிடங்கில் 26 தீர்ந்துபோய், அடுத்த பேட்சில் இருந்து நாலைத் தூக்கிப் போட்டு ஆர்டரை நிரப்பியிருக்கிறார்கள். சரக்கு நல்ல சரக்குதான், ஆனால் அது இரண்டு பேட்ச். இரண்டு ஜிஆர்என், இரண்டு சாம்பிள், இரண்டு ரிப்போர்ட் ஆக வேண்டும். பெரியவருக்கு அன்று என் மேல் கோபம். அடுத்த வாரத்தில் இருந்து அவரே பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்.

எத்தனை டிரம் திறப்பது?

இங்கேதான் எல்லோரும் மனப்பாடமாக ஒன்றைச் சொல்வார்கள்: √n+1. மொத்த டிரம்களின் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். 25 டிரம் என்றால் 6. 40 என்றால் 7.3 வரும், மேலே தள்ளி 8 என்று வைத்துக்கொள்வோம். மூன்று அல்லது அதற்குக் குறைவு என்றால் எல்லாவற்றையும் திறக்க வேண்டும்.

இது எங்கிருந்து வந்தது தெரியுமா? மருந்துத் துறையில் பிறந்த விதி இல்லை. 1920-களில் அமெரிக்காவில் விவசாய விளைபொருள்களைச் சோதித்தவர்கள் கைக்கணக்காக வைத்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட மாதிரி எடுத்தல் வழிகாட்டியில் இதற்கு 'என்' திட்டம் என்று பெயர். இதற்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று அந்த வழிகாட்டியே சொல்கிறது. சரக்கு ஒரே சீரானது, வந்த இடம் தெரிந்த இடம் என்று இரண்டும் உறுதியாக இருந்தால் மட்டும் இதைப் பயன்படுத்தலாம். சீராக இருக்குமா என்று சந்தேகம் உள்ள சரக்குக்கும், அதிகம் பழக்கமில்லாத இடத்தில் இருந்து வரும் சரக்குக்கும் 'ஆர்' திட்டம் என்று ஒன்று உண்டு: வர்க்கமூலத்தை ஒன்றரையால் பெருக்க வேண்டும். 40 டிரம்முக்கு 10 வரும்.

எந்த டிரம் என்பதையும் நீங்களாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மனிதக் கை எப்போதும் எட்டுகிற டிரம்மைத்தான் எடுக்கும். கால்குலேட்டரில் ரேண்டம் எண் போடுங்கள், இல்லையென்றால் சீட்டுக் குலுக்குங்கள். 33 என்று வந்து, அது மேல் அடுக்கில் மூலையில் இருந்தால் ஃபோர்க்லிஃப்ட் தம்பியைக் கூப்பிட்டு இறக்கத்தான் வேண்டும்.

சரி, இதுவரை சொன்னது அஸ்ஸே (பொருள் எத்தனை சதவீதம் என்று அளப்பது), ஈரப்பதம், தூய்மை மாதிரியான சோதனைகளுக்கு. "இது அந்தப் பொருள்தானா" என்கிற அடையாளச் சோதனைக்கு இந்தக் கணக்கைக் கொண்டுவராதீர்கள். அதற்கு எல்லா டிரம்மையும் பார்க்க வேண்டும், நாற்பது என்றால் நாற்பதையும். ஐரோப்பிய ஜிஎம்பியின் (மருந்து தயாரிப்பு விதிமுறைகளின்) எட்டாவது இணைப்பும் மூலப்பொருள்களுக்கு இதைத்தான் அடிப்படையாக வைக்கிறது. லேசர் ஒளியை அடித்துப் பொருளை அடையாளம் காட்டுகிற கையடக்க ராமன் கருவி வந்த பிறகு இது பெரிய வேலையும் இல்லை. பல பொருள்களை உள் பாலிதீன் பையைப் பிரிக்காமலே படித்துவிடும். சில பொடிகள் ஒளிர்ந்து சிக்னலை மூடிவிடும், அவற்றுக்கு மட்டும் வேறு வழி பார்க்க வேண்டும்.

கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால், சார்பிட்டால் கரைசல்

இந்த மூன்றும் வந்தால் நான் பேச்சைக் குறைத்துக்கொள்வேன். சிரப்புக்கு இனிப்பும் குழைவும் தருகிற திரவங்கள் இவை. இவற்றில் டைஎத்திலீன் கிளைக்காலோ எத்திலீன் கிளைக்காலோ கலந்திருந்தால் பார்வைக்குத் தெரியாது. இரண்டும் நிறமில்லாத, லேசாக இனிக்கிற, கெட்டியான திரவங்கள். உள்ளே போனால் சிறுநீரகம் நின்றுவிடும். 1937-இல் அமெரிக்காவில் டைஎத்திலீன் கிளைக்காலையே கரைப்பானாக ஊற்றிச் செய்த ஒரு சல்ஃபா மருந்து நூறு பேருக்கு மேல் கொன்றது. 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கலப்படக் கிளிசரினால் 14 பேர் இறந்தார்கள். 2022-இல் காம்பியாவிலும் இந்தோனேசியாவிலும் உஸ்பெகிஸ்தானிலும் குழந்தைகள் இறந்தார்கள். இதெல்லாம் எங்கோ என்று நினைத்துக்கொண்டு இருந்தோம். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்தபோது, அந்த இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்டது என்று தெரிந்தது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்ததில் அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. மூலப்பொருளில் அனுமதிக்கப்படும் அளவே 0.1 சதவீதம்தான்.

இங்கே ஒரு தந்திரமான தவறு உண்டு, புதியவர்கள் கவனியுங்கள். எட்டு டிரம்மில் இருந்து எடுத்த கிளிசரினை ஒன்றாகக் கலந்து ஒரே பாட்டிலில் லேபுக்கு அனுப்புகிறீர்கள். எட்டில் ஒரு டிரம்மில் மட்டும் டைஎத்திலீன் கிளைக்கால் 0.5 சதவீதம் இருக்கிறது. கலந்ததும் அது 0.06 ஆகிவிடும். ரிப்போர்ட்டில் 'பாஸ்'. அந்த டிரம் மட்டும் ஒரு பேட்ச் சிரப்புக்குப் போனால் என்ன ஆகும்? அதனால் இந்தத் திரவங்களுக்கு ஒவ்வொரு டிரம்முக்கும் தனி பாட்டில், தனி லேபிள், தனி ஜிசி (கலந்திருப்பதைப் பிரித்து அளக்கிற கேஸ் குரோமட்டோகிராஃபி) சோதனை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டியும் எல்லா கொள்கலனையும் சோதிக்கச் சொல்கிறது. ராமன் கருவியை மட்டும் நம்பி இங்கே கையெழுத்துப் போடாதீர்கள். அது "இது கிளிசரின்" என்று சரியாகச் சொல்லும், அதில் ஒளிந்திருக்கிற அரை சதவீதத்தைச் சொல்லாது.

திரவத்தை எடுக்கும்போது மேலாக மொண்டு எடுக்கக் கூடாது. நீளக் குழாயை மெதுவாக அடிவரை இறக்கினால் எல்லா மட்டத்திலும் இருந்து ஏறும். பிறகு மேல் வாயை விரலால் அடைத்துத் தூக்குங்கள். கிளிசரின் கெட்டி என்பதால் குழாய் இறங்க இறங்கப் பொறுமை வேண்டும். சீக்கிரம் குத்தினால் மேல்மட்டத் திரவம் சரியாக உள்ளே வராமல் போகும். சார்பிட்டால் கரைசல் குளிர்ச்சியில் அடியில் படிகமாக உறைவது உண்டு. தட்டுப்பட்டால் அப்படியே எடுக்காதீர்கள், லேசாகச் சூடாக்கிக் கலக்கிய பிறகே எடுக்க வேண்டும். டேங்கரில் வந்தால் நம் தொட்டியில் இறக்குவதற்கு முன்னால் சாம்பிள் எடுத்துச் சோதித்துவிட வேண்டும். இறக்கிவிட்டால் பழைய நல்ல சரக்கும் சேர்ந்து போகும்.

பூத்துக்குள்

தூசி வெளியே பரவாமல் காற்றை உறிஞ்சிக்கொள்கிற ரிவர்ஸ் லேமினார் ஏர்ஃப்ளோ பூத்தை, எஸ்ஓபியில் (எழுதிவைத்த செய்முறையில்) சொன்ன நேரம் ஓடவிட்டு, அழுத்த மீட்டரில் முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். முந்தின வேலையின் மிச்சம் எதுவும் இல்லை என்று லைன் கிளியரன்ஸ் எடுங்கள்: முந்தின சரக்கின் லேபிள் துண்டு, தரையில் பொடி, ஒரு பழைய கேபிள் டை கூட இருக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு பொருள், ஒரு பேட்ச். பெனிசிலின் வகை, ஹார்மோன் வகைக்கெல்லாம் பூத்தே தனி. அதை இதில் செய்யலாமா என்று யாராவது கேட்டால் பதில் சொல்லவும் வேண்டாம்.

டிரம்மை முதலில் வேக்யூம் வைத்துத் தூசி எடுங்கள், பிறகு 70 சதவீத ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) நனைத்த துணியால் துடையுங்கள். நூறு சதவீதம் இன்னும் நல்லதில்லையா என்று வருஷத்துக்கு ஒருவர் கேட்பார். தண்ணீர் கலந்தால்தான் அது கிருமிக்குள் புகுந்து வேலை செய்யும், சுத்தமான ஐபிஏ சீக்கிரம் பறந்துவிடும்.

நுண்ணுயிர்ச் சோதனைக்கான சாம்பிளை முதலில் எடுங்கள். கிருமி நீக்கிய கரண்டி, கிருமி நீக்கிய பாட்டில். நீங்கள் பத்து தடவை கையை விட்டு அள்ளிய பிறகு எடுத்தால் அதில் வளர்வது உங்கள் கிருமியாகவும் இருக்கலாம்.

அப்புறம் பையைத் திறந்ததும் ஒரு நிமிஷம் சும்மா பாருங்கள். நிறம் ஒன்றுபோல இருக்கிறதா? கட்டி தட்டியிருக்கிறதா? கருப்புப் புள்ளி, நூல், முடி? வாசனை தானாக வந்தால் குறித்துக்கொள்ளலாம், குனிந்து முகர்ந்து பார்ப்பது பழைய காலத்துப் பழக்கம், விட்டுவிடுங்கள். ஏதாவது வித்தியாசமாக இருந்தால் அதை மற்றதோடு கலக்காமல் தனி பாட்டிலில் எடுத்து, வேலையை நிறுத்திவிட்டு க்யூஏவுக்கு (தர உறுதிப் பிரிவுக்கு) சொல்லுங்கள். ஒழுங்கான பகுதியை மட்டும் அள்ளிக்கொண்டு வருவது இந்த வேலையிலேயே பெரிய பொய்.

சாம்ப்ளிங் ராடை (மூன்று மட்டத்தில் அறைகள் உள்ள குழாயை) மூடிய நிலையில் சாய்வாக அடிவரை இறக்குங்கள். அங்கே போய்த் திருப்பித் திறந்து, பொடி நிறைந்ததும் மூடி, வெளியே இழுங்கள். திறந்தபடி இறக்கினால் மேல் பொடிதான் மூன்று அறையிலும் இருக்கும். மேல், நடு, அடி என்று மூன்று மட்டமும் வர வேண்டும். அதிகமாக எடுத்துவிட்டால் திரும்ப டிரம்மில் கொட்டக் கூடாது. பாட்டில் லேபிளை உடம்பில் ஒட்டுங்கள், மூடியில் எழுதாதீர்கள். இரண்டு பாட்டிலைத் திறந்து வைத்தால் மூடிகள் இடம் மாறிப் போகும்.

லேபிள்களை எப்போது எழுதுவது என்பதில்தான் நான் அடிபட்டேன். நாலாவது வருஷம், நவம்பர் மழை. மாத்திரைப் பொடியை ஒட்டவைக்கிற பொவிடோன் கே-30 வந்தது. தண்ணீரைக் காற்றில் இருந்தே குடிக்கிற பொருள் அது. அன்று காற்றின் ஈரத்தை எடுக்கிற டிஹ்யூமிடிஃபையர் மக்கர் பண்ணிக்கொண்டு இருந்தது. நான் சாம்பிளை எடுத்து வரிசையாக வைத்துவிட்டு, மூடாமலே உட்கார்ந்து லேபிள் எழுதினேன். ஏழு பாட்டில், இருபது நிமிஷம் ஆகியிருக்கும். தண்ணீரை அளக்கிற கார்ல் ஃபிஷர் சோதனையில் 5.6 சதவீதம் வந்தது. வரம்பு 5.0. மீதிக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு: லேபிளை முன்னாலேயே எழுதுங்கள், பாட்டில் நிறைந்த மறு நொடி மூடுங்கள். இந்த மாதிரிப் பொருளை மழை நாளில் திறக்கவே வேண்டுமா என்றும் கேளுங்கள்.

முடிந்ததும் உள் பை தனியாக, வெளிப் பை தனியாகக் கட்ட வேண்டும், இரண்டுக்கும் நடுவில் சிலிக்கா ஜெல் பை, புது சீல், அதன் எண்ணைப் பதிவேட்டில். திறந்த டிரம்மில் மட்டும் 'சாம்பிள் எடுத்தது' லேபிள், தேதியும் கையெழுத்தும் சேர்த்து. வெள்ளையான பொருளாக இருந்தால் ராட் சுத்தமாகத் தெரியும், ஆனால் மூட்டுகளில் பொடி உட்கார்ந்திருக்கும். கழற்றிக் கழுவி, காயவைத்து, மூடி வைக்க வேண்டும். ஈர ராடை எடுத்து வந்தால் என் பொவிடோன் கதைதான்.

கலவையும் மாத்திரையும்

மாத்திரைக்கான பொடிகளைக் கலக்கிற பிளெண்டரில் இருந்து கலவை எடுப்பது வேறு கலை. குறைந்தது பத்து இடம், மூலைகளும் வாய்ப் பக்கமும் கட்டாயம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு மாத்திரை எடையில் இருந்து மூன்று மாத்திரை எடைக்குள். பத்து கிராம் அள்ளினால் உள்ளே இருக்கிற ஏற்றத்தாழ்வு அந்தப் பத்து கிராமுக்குள்ளேயே கலந்து மறைந்துவிடும். 1993-இல் அமெரிக்காவில் பார் லேபரட்டரீஸ் என்கிற மருந்து கம்பெனி வழக்கின் தீர்ப்பு வந்த பிறகுதான் இந்த விஷயம் உலகம் முழுக்கச் சூடுபிடித்தது. முதல் சாம்பிள் தோற்றால் காரணம் சொல்லாமல் மறுபடி மறுபடி எடுத்து, பாஸான எண்ணைப் பிடித்துக்கொள்ளும் வழக்கத்துக்கும் அந்தத் தீர்ப்பு கடிவாளம் போட்டது.

கலவைக்குள் இறக்கிப் பொடி எடுக்கிற தீஃப் (திருடன்) என்கிற கருவி பெயருக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் திருடும். இறங்கும்போது மேல் பொடியைக் கீழே இழுத்துக்கொண்டு போகும், நன்றாக வழுக்கிவிழும் துகளைத்தான் தன் குழிக்குள் விடும். எண் மோசமாக வந்தால் கலவையா, கருவியா என்று பார்க்க, அழுத்திய மாத்திரைகளையும் தொடக்கம் முதல் கடைசி வரை இடைவெளி விட்டு எடுத்துச் சோதிப்பார்கள்.

மாத்திரை ஓடும்போது நேரம் பார்த்துப் போகாதீர்கள். சரியாக இரண்டு மணிக்கு வருவீர்கள் என்று ஆபரேட்டருக்குத் தெரிந்தால், இரண்டுக்குப் பத்து நிமிஷம் முன்னால் மெஷினைச் சரிசெய்து வைத்திருப்பார். கெட்ட எண்ணம் இல்லை, எல்லா மனிதரும் அப்படித்தான். மெஷின் நின்று மறுபடி ஓடிய இடம், ஹாப்பரில் (மெஷினுக்குப் பொடி ஊட்டும் புனலில்) பொடி தீருகிற கடைசி நேரம், இந்த இரண்டிலும் கட்டாயம் எடுங்கள். கடைசிக் கைப்பிடிப் பொடியில்தான் மருந்து பிரிந்து ஒதுங்கும்.

ஊசி மருந்துகளில் எண்ணிக்கை பார்மகோபியாவிலேயே (மருந்துத் தர நூலிலேயே) இருக்கிறது. கிருமி இல்லையா என்று பார்க்கிற ஸ்டெரிலிட்டி சோதனைக்கு, பேட்சில் 100 குப்பிக்குள் என்றால் பத்து சதவீதம் அல்லது நாலு, எது அதிகமோ அது. 100-க்கு மேல் 500 வரை என்றால் பத்து. 500-க்கு மேல் போனால் இரண்டு சதவீதம் அல்லது இருபது, எது குறைவோ அது. ஆனால் எண்ணை விட இடம் முக்கியம். அசெப்டிக் முறையில் (கிருமி புகாத சூழலில்) நிரப்பியது என்றால் முதலிலும் கடைசியிலும் நிரப்பியவை, யாராவது கையை உள்ளே விட்டுச் சரிசெய்த பிறகு நிரப்பியவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆட்டோகிளேவில் போட்டு நீராவியில் கிருமி நீக்கியது என்றால் சூடு குறைவாக எட்டுகிற இடத்தில் இருந்த மருந்துக் குப்பிகள்.

ஃபாயில், கார்ட்டன், லீஃப்லெட்டுக்கெல்லாம் ஏக்யூஎல் (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்கிற) அட்டவணை இருக்கிறது, அதன்படி எண்ணி எடுங்கள். அச்சு எழுத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள். அது போதும்.

பின்னால் பார்க்க எடுத்துவைக்கிற ரிடென்ஷன் சாம்பிளை விற்கிற பெட்டியிலேயே, முழுச் சோதனைக்கு வேண்டிய அளவின் இரண்டு மடங்கு எடுத்து, காலாவதிக்கு அப்புறமும் ஒரு வருஷம் வைக்க வேண்டும். புகார் வருகிற நாளில் இந்த அறைதான் கைகொடுக்கும்.

எழுதிவைப்பது

அந்த நேரத்திலேயே எழுதுங்கள். எந்த டிரம், எத்தனை கிராம், எந்த ராட், யார் கூட இருந்தது, வெப்பம், ஈரப்பதம். சாயங்காலம் நினைவில் இருந்து நிரப்புகிற பதிவேடு ஆடிட்டருக்கும் பயன்படாது, உங்களுக்கும் பயன்படாது.

பொவிடோன் 5.6 வந்ததும் லேப் முதலில் தன் பக்கத்தைப் பார்த்தது. டைட்ரன்ட் (சோதனைக் கரைசல்), தராசு, அனலிஸ்ட் எல்லாம் சரி. மூன்றாவது நாள் என் லாக் புக்கை எடுத்தார்கள். பூத் ஈரப்பதம் 74 சதவீதம் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. சாம்பிள் எடுத்த நேரமும், பாட்டில்களை மூடி லேபுக்குக் கொடுத்த நேரமும் இருந்தன. இருபது நிமிஷம் எங்கே போனது என்று க்யூஏ மேனேஜர் கேட்டார். சொன்னேன். சாம்பிள் சரக்கைப் பிரதிநிதிப்படுத்தவில்லை என்று காரணத்தோடு எழுதி, அதற்குத் தனி அனுமதி வாங்கி, டிஹ்யூமிடிஃபையர் பழுது பார்த்த பிறகு அதே டிரம்களில் மறுபடி எடுத்தோம். 3.8 வந்தது. 5.6-ஐ யாரும் அழிக்கவில்லை. இரண்டு எண்ணும் அந்த ஃபைலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, கூடவே என் பெயரில் ஒரு மறுபயிற்சிப் படிவம்.